ரஜிதா திருப்பி எடுத்த சாட்சி

இரத்தோட்டையிலிருந்து மாத்தளைக்குப் போகும் காலை பஸ்ஸில் ரஜிதாவுக்குப் பக்கத்து இடம் கடைசியில்தான் நிரம்பும். அவளை யாருக்கும் பிடிக்காது என்பதில்லை. தலை வலிக்கிறது என்று ஒருவர் நெற்றியைத் தொட்டால் போதும், "கண்ண மூடுங்க, சின்ன ஜெபம்தான்" என்று ஆரம்பித்துவிடுவாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் ஆமென் வந்துவிடும். ஆனால் வீட்டில் காய்ச்சல், பிள்ளைக்குச் சோதனை, மகனுக்கு விசா என்று ஏதாவது இருந்துவிட்டால், அதே ஆட்கள் பஸ்ஸில் ஏறியதும் கண்ணால் தேடுவது அவளைத்தான். தேவைப்பட்டால் தேடுவதும் மற்ற நாட்களில் தள்ளி உட்காருவதும் கடவுளுக்கே கிடைக்கிற மரியாதை என்பதால், ரஜிதா அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில், அவள் வாழ்க்கைப்பட்டு வந்தபோது, நெற்றியில் திருநீறும் பக்கத்தில் குடிகாரப் புருசனும் இருந்தார்கள். இரண்டும் இப்போது இல்லை. புருசன் முத்துவீரன் இருக்கிறான், குடிதான் இல்லை. அவள் சபையில் சேர்ந்து அழுது ஜெபித்த ஆண்டிலேயே அவன் போத்தலைக் கீழே வைத்தான். அன்றிலிருந்து அந்தக் கதையை அவள் பஸ்ஸிலும் கடையிலும் தண்ணீர் பிடிக்கிற பீலியடியிலும் சொல்லிவருகிறாள். கதையின் நாயகன் மட்டும் சபைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

"விட்டது நானு. சாட்சி சொல்றது அவ. கைத்தட்டு கர்த்தருக்கு," என்பான் முத்துவீரன். "எனக்கு ஒரு பிளேன்டீயாச்சும் ஊத்தக் கூடாதா?"

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சபைக்குப் போக, அவன் சோறு ஆக்குவான். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு அவன் காவடிக்காரருக்கு மோர் ஊற்றப் போக, அவள் கதவைச் சாத்திக்கொண்டு அவன் இரட்சிப்புக்காக ஜெபிப்பாள். மோரைக் கரைத்துக் கொடுத்தது யார் என்று மட்டும் கேட்கக் கூடாது.

அவளுக்கு வேலை மாத்தளை டவுனில், அப்துல் ஸமத் ஹாஜியாரின் வாசனைச் சரக்குக் கடையில். கராம்பில் காம்பு பொறுக்குவது, மிளகில் கல் பொறுக்குவது, சாதிக்காயைச் சுற்றியிருக்கும் வசவாசியை உடையாமல் உரித்துத் தரம் பிரிப்பது. பக்கத்தில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்பவள் றிஸ்னா. ஹாஜியார் மேசையிலிருந்தபடியே ரஜிதாவின் இயேசுப் பிரசங்கத்தைக் கேட்பார். இடையிடையே திருத்தமும் சொல்வார்.

"அவர எங்களுக்கும் தெரியும் புள்ள. ஈஸா நபி. எங்கட ஆளுதான்."

"தெரிஞ்சா மட்டும் பத்தாது மொதலாளி, ஏத்துக்கணும்."

"முதல்ல அந்தக் கராம்பு மூட்டைய ஏத்துங்க. லொறி நிக்கிது."

அவளுடைய சபை இரத்தோட்டையில் ஒரு இரும்புக்கடைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட மண்டபம். பக்கத்து வீட்டார் ஒரு தடவை பொலிஸுக்குப் போனதிலிருந்து ஒலிபெருக்கி உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கிற அளவில் வைக்கப்பட்டிருக்கிறது. அதனால் சத்தம் குறைந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். பாடல்கள் முடிந்து பிரசங்கம் தொடங்கும் முன் சாட்சி வேளை. எழுந்து நின்று, கர்த்தர் எனக்கு இன்னது செய்தார் என்று நாலு பேர் அறியச் சொல்ல வேண்டும். சொல்லாமல் வைத்துக்கொண்டால் கிடைத்த சுகம் நிலைக்காது என்பது அங்கே எல்லோருடைய நம்பிக்கையும்.

இதிலேயே இன்னொரு வகை உண்டு. அதற்கு விசுவாச சாட்சி என்று பெயர். இன்னும் கிடைக்காததைக் கிடைத்துவிட்டது என்றே சொல்லி நன்றி செலுத்துவது. வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போய்வந்த பையன், வேலை கிடைத்துவிட்டது என்பான். கூரை ஒழுகுகிற வீட்டுக்காரி, புது வீட்டுக்கு ஸ்தோத்திரம் என்பாள். இதைப் பொய் என்று சபையில் யாரும் சொல்ல மாட்டார்கள். பழைய ஆட்களுக்கு இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியும். உரக்க ஆமென் சொல்வார்கள், கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது, "இன்டர்வியூ ரிசல்ட் எப்ப வருது?" என்று விசாரிப்பார்கள். பல வருடம் வந்து பழகினால்தான் இந்த இரண்டையும் ஒரே வாயால் செய்ய வரும்.

போன மாதம் ரஜிதாவின் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. சுண்டைக்காய் அளவு இருந்தது, பிறகு நெல்லிக்காய் அளவு ஆனது. மாத்தளை ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி எடுத்து, முடிவு வர நாளாகும் என்றார்கள். அந்த ஞாயிறு அவள் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"கழுத்துல இருந்த கட்டியக் கர்த்தர் எடுத்துப்போட்டாரு. இப்ப ஒன்னும் இல்ல. அல்லேலூயா!"

சபை ஆர்ப்பரித்தது. சால்வைக்குள் நெல்லிக்காய் பத்திரமாக இருந்தது. அவள் ஏமாற்ற நினைக்கவில்லை. இல்லை என்று சொன்னால் இல்லாமல் போகும் என்று முழுமனதாக நம்பினாள். பயம் அதிகமானதால் சத்தமும் அதிகமாக வந்தது, அவ்வளவுதான்.

அன்று கடைசி வரிசையில், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சபைக்கு வந்து கமலாட்சி உட்கார்ந்திருந்தாள். வருந்தி அழைத்து வந்ததே ரஜிதாதான்.

கமலாட்சி அதே லயத்தில் மூன்று வீடு தள்ளி இருப்பவள். புருசனை இழந்தவள், மகன் கொழும்பில் கடையொன்றில் வேலை. கொழுந்து நிறுக்கும் தராசையும் அதைப் பிடித்திருக்கும் ஆளையும் ஒரே அளவில் சந்தேகப்படுகிறவள். பூசாரி சொன்னாலும் சங்கத் தலைவர் சொன்னாலும், "பாப்போம் பாப்போம்" என்பதுதான் அவள் வாயில் வரும் அதிகபட்ச மரியாதை. அவளுக்கு மார்பில் ஒரு கட்டி. அது கெட்ட கட்டிதான் என்று டொக்டர்மார் முடிவாகச் சொல்லி, வெட்டி எடுக்க நாளும் குறித்துக் கொடுத்திருந்தார்கள். வருகிற ஞாயிறுக்கு அடுத்த செவ்வாய். தள்ளிப்போட வேண்டாம், தள்ளிப்போட்டால் பரவிவிடும் என்று சிங்களத்தில் ஒரு தரம், தெரிந்த தமிழில் ஒரு தரம் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

திங்கள் பின்னேரம் பீலியடியில் ரஜிதா வாளியை வைத்துவிட்டு நிற்கும்போது கமலாட்சி வந்தாள். முகத்தில் என்றுமில்லாத தெளிவு.

"ரஜி, நான் அடுத்த செவ்வாக்கெழம போகப் போறதில்ல."

"எங்கக்கா?"

"எங்கயா? அறுக்கிறதுக்குத்தான். ஒனக்கு எடுத்துப் போட்டவருக்கு எனக்கு எடுத்துப் போட என்னா கஷ்டம்? ஒரே லயம்தானே, அவருக்கு நடையும் மிச்சம்."

இவ்வளவு வருடமும் யாராவது தான் சொல்வதை அப்படியே நம்ப மாட்டார்களா என்று ஏங்கியவள் ரஜிதா. நம்பினவள், யாரையுமே நம்பாத கமலாட்சி.

"அக்கா, கர்த்தர் டொக்டர் மூலமாவும் செய்வாருக்கா. போயிட்டு வந்துருங்க."

"நீ டொக்டர்கிட்டயா போன?"

போயிருந்தாள். ஊசி குத்திய இடம் இன்னும் லேசாக வலித்தது. அதைச் சொல்ல இதுதான் சமயம்.

"வாளி நெறஞ்சிருச்சுக்கா," என்றாள் ரஜிதா. பாதி நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

முத்துவீரனிடம் சொன்னாள். அவன் அரிவாள்மணையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னான்.

"போயிச் சொல்லு. அவசரப்பட்டுட்டேன்னு சொல்லு."

"அப்புடிச் சொன்னா என் கட்டி நெசமாவே நின்னுரும். வாயால சொன்னத வாயாலயே அழிச்ச மாதிரி ஆயிரும்."

"சொல்லாட்டி அந்தப் பொம்பள செத்துரும்."

இப்படித்தான் ரஜிதாவுக்குள்ளும் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. சொன்னால் தன் கழுத்து. சொல்லாவிட்டால் கமலாட்சியின் உயிர். கமலாட்சியின் உயிர் பெரிது என்று அவளுக்குத் தெரியும். கழுத்து அவளுடையதாக இருந்ததுதான் சிக்கல்.

"நாளையிலேருந்து குடிக்க மாட்டேன்னு நான் எத்தன தரம் சொல்லியிருப்பேன்," என்றான் முத்துவீரன். "ஒருத்தன் நம்புனானா? நீ ஒரு தரம் சொன்ன ஒடனே நம்பிப்புட்டாங்க. ஒன் கஷ்டம் அதுதான்."

மறுநாள் கடையில் வசவாசி அவள் கையில் உடைந்துகொண்டே இருந்தது. முழுசாக இருந்தால் ஒரு தரம், உடைந்தால் கீழ்த் தரம். ஹாஜியார் உடைந்ததைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார்.

"என்ன ரஜிதா, இண்டைக்கு ஈஸா நபிக்கு லீவா? சத்தத்தையே காணோம்."

யாருக்கோ நடந்தது போல அவள் சொன்னாள். ஒரு பெண் சபையில் சுகம் கிடைத்தது என்று சொல்லிவிட்டாள், சுகம் இன்னும் வரவில்லை, அதைக் கேட்ட இன்னொருத்தி மருந்து வேண்டாம் என்கிறாள். ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்கட பக்கம் இந்த வில்லங்கம் இல்ல புள்ள. வரப்போறது எதுவா இருந்தாலும் இன்ஷா அல்லாஹ் போட்டுத்தான் செல்லுவோம். நடந்தா அல்லாஹ்ட நாட்டம். நடக்காட்டியும் அல்லாஹ்ட நாட்டம்."

"சம்பளம் கூட்டித் தாறேன்னு ஹாஜியார் செல்றதும் அப்புடித்தான்," என்றாள் றிஸ்னா, மிளகிலிருந்து தலையைத் தூக்காமல். "மூணு வருச நோம்பு போயிட்டு."

ஹாஜியார் கேட்காதவர் போல இருந்துவிட்டு, ரஜிதாவின் சால்வையைப் பார்த்தபடி சொன்னார்: "அந்தப் பொம்பளைக்கிட்ட உண்மையச் செல்லு. மனுசனுக்குச் செல்லி வந்த குத்தத்த அல்லாஹ்கிட்ட மட்டும் அழுது தீக்கேலாது." பிறகு, பேசியது அதிகமாகிவிட்டது என்று நினைத்தவர் போல, லொறிக்காரனைத் திட்ட வெளியே போனார்.

புதன்கிழமை அவள் பாஸ்டரிடம் போனாள். பாஸ்டர் கிஷாந்த் வயதில் அவளைவிட இளையவர். ஊழியத்துக்கு வரும் முன் நாவுல டவுனில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருந்தவர். நல்ல மனிதர். யார் வீட்டில் மழை ஒழுகினாலும் தகரத்தோடு முதலில் வந்து நிற்பவர்.

"சிஸ்டர், விசுவாசத்துல சொன்னத சந்தேகத்துல திருப்பி எடுக்கக் கூடாது," என்றார் முதலில்.

ரஜிதா கமலாட்சியின் சங்கதியைச் சொன்னாள். பாஸ்டரின் முகம் மாறியது. கழுத்துக்கும் மார்புக்கும் உள்ள வித்தியாசம் அவருக்கும் தெரியும். அவருடைய மாமியார் அந்த நோயில்தான் போனார்.

"அவங்க கட்டாயம் போகணும்."

"போகணும் பாஸ்டர்."

"நான் போய்ப் பேசுறேன். நீங்க ஒன்னும் திருப்பி எடுக்க வேணாம்."

ரஜிதாவுக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதி வியாழன் பின்னேரம் வரைக்கும்தான் நின்றது. கமலாட்சியே வீடு தேடி வந்து, வாசலில் நின்று, பெருமையோடு சொன்னாள்:

"பாஸ்டர் வந்து என்னச் சோதிச்சுப் பாத்தாரு ரஜி."

"சோதிச்சாரா?"

"ஆமா. அக்கா போங்க, ஆப்ரேசன் செஞ்சிக்கங்க, கர்த்தர் கோவிக்க மாட்டாருன்னு எவ்வளவோ சொன்னாரு. எனக்கா தெரியாது? போன ஞாயிறு அவருதானே பேசுனாரு, சோதன வரும்போது கெட்ட மூஞ்சோட வராது, நல்ல புத்தி மாதிரிதான் வரும்னு. நான் அசையல. ஒரு டீய ஊத்திக் குடுத்து அனுப்பிட்டேன்."

உண்மையில் அந்த ஞாயிறு பாஸ்டர் அதைப் பற்றித்தான் முக்கால் மணிநேரம் பேசியிருந்தார். அவர் பேசியதை வியாழன் வரை மனதில் வைத்திருந்த ஒரே ஆள், சபையில் சேராத இந்த ஆள்தான். ஊழியக்காரருக்கு இதைவிட வெற்றி கிடையாது. அவர் அந்த வெற்றியோடு வீட்டுக்குப் போய் இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை என்று பிறகு தெரிந்தது.

இனி யார் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாலும் அது சோதனைதான். ரஜிதா தனியே சொன்னாலும், "நீயுமா?" என்று கமலாட்சி சிரிப்பாள். சபையில் நாலு பேர் அறியச் சொன்னது சபையில்தான் அழிய வேண்டும் போலிருந்தது. வெள்ளியும் சனியும் அவள் பஸ்ஸில் யாருக்கும் ஜெபிக்கவில்லை. தலைவலிக்காரர் ஒருவர் நெற்றியைத் தொட்டுக்கொண்டு பார்த்தார், தொடாமல் பார்த்தார், கடைசியில் தானாகவே கேட்டும் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, விரலால் கழுத்தை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டு வந்தாள். கட்டி அங்கேயே இருந்தது. பெருத்ததா சிறுத்ததா என்று ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு விதமாகத் தெரிந்தது.

ஞாயிறு வந்தது. கமலாட்சி இந்த முறை இரண்டாம் வரிசையில், புதுச் சேலையில். சாட்சி வேளைக்குப் பாஸ்டர் அழைப்பு விட்டபோது அவர் கண் ரஜிதா பக்கம் வரவில்லை. அவளைத் தடுப்பதா தூண்டுவதா என்று அவருக்கே முடிவாகவில்லை. ரஜிதா எழுந்து முன்னால் போனாள். பஸ்ஸிலே ஐம்பது பேர் நடுவில் கூசாமல் பேசுகிறவள், தன் சொந்தச் சனத்தின் முன் பிரசங்க மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போன ஞாயிறு நான் ஒரு சாட்சி சொன்னேன்," என்றாள். "கட்டி இல்லன்னு."

"ஆமென்!" என்றது சபை, பழக்கத்தில்.

"இருக்கு."

அவள் சால்வையைக் கழற்றினாள். "இந்தா இருக்கு. யாரும் வந்து தொட்டுப் பாக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசி குத்துனாங்க. நல்லதா கெட்டதான்னு இன்னும் சொல்லல. கர்த்தர் எடுப்பாருன்னு நம்புறேன். ஆனா எடுத்துட்டாருன்னு நான் சொன்னது, எனக்குப் பயமா இருந்துச்சு, அதனால சொன்னேன்."

கீபோட் வாசிக்கும் தம்பிக்குச் சாட்சி முடிந்ததும் ஸ்தோத்திர இசை கொடுத்துப் பழக்கம். விரல் தானாக விழுந்து, ஆர்ப்பாட்டமான ஒரு முழக்கம் எழும்பி, யாரும் சேர்ந்து பாடாததால் நடுவழியில் நின்றது. சாட்சி சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்று சபைக்குத் தெரியும். சாட்சியைத் திருப்பி எடுத்தால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது. பாஸ்டர் புத்தகத்தைத் திறந்தார், மூடினார். கடைசியில், ஒலிபெருக்கி எட்டாத சத்தத்தில், "ஆமென்" என்றார்.

கமலாட்சி எழுந்து வெளியே போய்விட்டாள்.

ரஜிதா பின்னால் ஓடினாள். இரும்புக்கடைச் சுவரோரம், அடுக்கிக் கிடந்த தண்ணீர்க் குழாய்களுக்குப் பக்கத்தில் கமலாட்சி நின்றாள். கோபத்தில் மூக்கு துடித்தது.

"வா இங்க." கையை நீட்டி ரஜிதாவின் கழுத்தைத் தொட்டாள். கட்டியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள், கத்தரிக்காய் வாங்குகிறவள் போல. "இம்புட்டயும் வச்சிக்கிட்டா இல்லன்ன?"

"ஆமாக்கா."

"தராசுக்காரன் பொய் சொன்னா அர கிலோதான்டி போவும். நீ என்னையே போட்டிருப்பியே!"

"மன்னிச்சிருங்கக்கா."

"மன்னிக்கிறது கெடக்கட்டும். ஒனக்குப் பயமா இருக்கா?"

"செத்துருவேனோன்னு இருக்குக்கா."

"அத ஒரு நாளும் சொன்னதில்லியே நீ. கர்த்தர் கர்த்தர்னு பஸ்ஸு பூரா கத்துற. பயமா இருக்குன்னு ஒரு வார்த்த சொன்னியா?"

"அத சாட்சியில சொல்ற வழக்கமில்லக்கா."

கமலாட்சி வேறு பக்கம் பார்த்தாள். அவளுடைய கோபம் தணியவில்லை; ஆனால் அதற்கடியில் ஒரு வாரமாக மூடி வைத்திருந்த வேறொன்று வெளியே வந்தது. "எனக்கும் பயந்தான்," என்றாள். "அறுப்பாங்களேன்னு. ஒரு பக்கம் தட்டையா நிப்பேனேன்னு. அதுனாலதான் ஒன்னப் புடிச்சிக்கிட்டேன். இல்லாட்டி நானாவது, நீ சொல்றத நம்புறதாவது."

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் கமலாட்சி ஏறினாள். ரஜிதாவுக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, முன்னால் சாரதிக்குப் பின்னுள்ள ஆசனத்தில் போய் உட்கார்ந்தாள். ஹாஜியாரிடம் லீவு சொல்லிவிட்டு வந்திருந்த ரஜிதா அவள் கொண்டையைப் பார்த்துக்கொண்டே மாத்தளை வரை போனாள். ஒவ்வொரு தரிப்பிலும் அவள் இறங்கிவிடுவாளோ என்று எட்டிப் பார்த்தாள். அவள் இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் சிங்களத்தில் கேட்டாள், கூட வந்திருப்பது யார், என்ன முறை என்று. ரஜிதா தயங்கினாள். உண்மை மட்டும் பேசுவது என்று தீர்மானித்து இரண்டு நாள்கூட ஆகவில்லை.

"தங்கச்சின்னு சொல்லு," என்றாள் கமலாட்சி. இரண்டு நாளில் அவள் ரஜிதாவிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். "இல்லாட்டி உள்ள விட மாட்டா."

"தங்கச்சி இல்லியேக்கா."

"விசுவாசத்துல சொல்லேன்."

ரஜிதா சொன்னாள். நர்ஸ் எழுதிக்கொண்டாள்.

உடுப்பு மாற்றி, காதுத் தோட்டைக் கழற்றி, தள்ளுகட்டிலில் படுத்த பிறகு கமலாட்சியின் உதடு காய்ந்திருந்தது. ரஜிதா குனிந்தாள்.

"ஜெபம் பண்ணவாக்கா?"

"பண்ணு. வாய்க்குள்ள பண்ணு." கண்ணை மூடியவள் மறுபடி திறந்தாள். "இந்தா பாரு. வெளிய வந்த பொறகு நல்லதோ கெட்டதோ, நான்தான் சொல்லுவேன். நீ முந்திக்காத."

தள்ளுகட்டில் உள்ளே போனது. கதவு ஆடி ஆடி நின்றது. ரஜிதா வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். ஒரு கை கமலாட்சியின் காதுத் தோட்டை இறுக்கிப் பிடித்திருந்தது, மறு கை கழுத்தில். பக்கத்தில் யாருக்கோ காத்திருந்த முஸ்லிம் பெண் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டாள்: "உள்ளுக்கு இருக்கியது உங்கட ஆளா? எப்புடி, சொகமாயிருமா?"

ரஜிதா வாயைத் திறந்தாள். வழக்கமான பதில் நாக்கு நுனி வரை வந்து நின்றது.

"இன்னும் தெரியாதுங்க," என்றாள்.